ஒற்றுப்புலி போட்ட சட்டம்

அச்சகத்தில் அவருக்கு ஒற்றுப்புலி என்று பெயர். மெய்ப்புத் திருத்துவது வேலை. க், ச், த், ப் எங்கே விட்டுப்போனாலும் மோப்பம் பிடித்துவிடுவார். வீட்டில் பெயரே கிடையாது, 'என்னங்க' மட்டும்தான்.

அந்த வாரம் பள்ளிப் பாடநூல் ஒன்று திருத்த வந்தது. நாடாளுமன்றம் சட்டம் போடும், அரசு அதை நடத்தும், நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும். மூன்று அதிகாரமும் ஒரே கையில் சேர்ந்தால் நாடு தாங்காது என்று இருந்தது. ஒற்றுப்புலி பேனாவைக் கீழே வைத்தார். முந்தின நாள்தான் அவர் மனைவி, குறட்டை விடுகிறவர் ஹாலில் படுக்க வேண்டும் என்று சட்டம் போட்டு, விடுவது அவர்தான் என்று தீர்ப்பும் சொல்லி, தலையணையைத் தன் கையாலேயே ஹாலில் கொண்டுபோய்ப் போட்டிருந்தாள். தரையில் படுத்ததில் இடுப்பு இன்னும் நிமிரவில்லை.

சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"இந்த வீட்டுல மூணு அதிகாரமும் உன் கையிலயே இருக்கு. பிரிச்சாகணும்."

"பிரிச்சுக்குவோம். உங்களுக்கு எது வேணும்?"

இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டபோதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

"சட்டம் போடறது நான்."

"சரி. நடத்தறது நான். தீர்ப்பு?"

"அக்கா!" என்றார் பெருமையாக. மாடியில் தையல் மெஷினோடு குடியிருந்த சொந்த அக்கா. தம்பியை விட்டுக்கொடுத்துவிடுவாளா என்ன?

உடனே முதல் சட்டம் பிறந்தது: 'கணவர் தினமும் படுக்கையறைக் கட்டிலில்தான் படுக்க வேண்டும்.' ஒரு பிழை இல்லை. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். மனைவி நிதானமாகப் படித்தாள்.

"சட்டம்னா சட்டம். நாளைக்கு அமல்."

மறுநாள் சாயங்காலம் வந்து பார்த்தால், கட்டில் ஹாலில் கிடந்தது. அவளும் பக்கத்து வீட்டம்மாவும் இழுத்துப் போட்டு, சலவை விரிப்பு வேறு விரித்திருந்தார்கள். படுக்கையறையில் அவளுக்குப் புது மெத்தை.

"என்ன இது?"

"படுக்கையறைக் கட்டில். நீங்க கேட்ட அதே கட்டில்."

"நான் சொன்னது படுக்கையறையில!"

"அறையிலன்னு எங்க இருக்கு? அறைக் கட்டில்னுதானே எழுதியிருக்கீங்க? நடுவுல க் வேற."

வாழ்க்கையில் முதல்முறையாக, ஓர் ஒற்று சரியாக இருந்ததற்காக ஒற்றுப்புலி வருத்தப்பட்டார்.

"கோர்ட்டுக்குப் போறேன்!" என்று மாடிப்படி ஏறினார். மனைவியும் பின்னாலேயே ஏறினாள்.

அக்கா வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு இருவரையும் விசாரித்தாள்.

"எழுதினது யாருடா?"

"நான்தான்."

"கட்டில் குடுத்தாளா?"

"குடுத்தா. ஆனா ஹால்ல..."

"அப்ப அவ செஞ்சது சட்டப்படி சரி."

"அக்கா! நீ என்கூடப் பொறந்தவ!"

"அதனாலதான்டா சொல்றேன். கல்யாணமாகிப் போற வரைக்கும் உன் குறட்டையில தூக்கம் கெட்டவ நான்." சட்டென்று நிறுத்தினாள். "இரு, இரு. ஹால்லயா படுக்கற? என் படுக்கை அதுக்கு நேர் மேலதானே இருக்கு! ரெண்டு நாளா யாரோ மரம் அறுக்கறாங்கன்னு நெனச்சேன். ஹாலும் கூடாது. கட்டில ஸ்கூட்டர் ஷெட்டுல கொண்டுபோய்ப் போடு."

"புதுசா சட்டம் போட கோர்ட்டுக்கு அதிகாரமே கிடையாது! பாடநூல்லயே இருக்கு!"

"இது தீர்ப்புடா. யாரு நடத்தி வெக்கறது?"

"நான்தான் அண்ணி," என்று மனைவி அடக்கமாகச் சொன்னாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"தலைமாட்ட நீங்க புடிங்க."