கறிக்கடைக்காரர் வீட்டில் கோழிப் பத்தியம்

“இந்த வீட்டு வாசலத் தாண்டி ஒரு கோழி உள்ள வந்துச்சுன்னா, நான் வாசலத் தாண்டி வெளிய போயிடுவேன்!”

அனிபால் இப்படிச் சபதம் செய்தபோது அவர் கையில் ஒரு முழு மாட்டு விலா இருந்தது. அதை வாள் மாதிரி உயர்த்திப் பிடித்திருந்தார். குவாலெகுவாய் ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சிற்றூரில் பெரிய கறிக்கடை அவருடையதுதான். அங்கே குழந்தைக்குப் பல் முளைத்தால் முதலில் கடிக்கக் கொடுப்பது அவர் கடை எலும்பைத்தான்.

“வெளிய போறதுதான் போற கிழவா, அப்படியே எதிர்க் கடையில ஒரு கோழி நெஞ்சு வாங்கிட்டு வந்துரு” என்றாள் நெலிதா.

இரண்டு பேருக்கும் இன்னும் தலை நரைக்கவில்லை. அந்த ஊரில் புருஷன் பெண்டாட்டி கொஞ்சிக்கொள்வதே அப்படித்தான். கல்யாணமான மறுநாளே கிழவன் கிழவி ஆகிவிடுவார்கள்.

இத்தனைக்கும் காரணம் ஆறு வயது மகள் பிரிசா. சித்தி வீட்டுப் பிறந்தநாள் விழாவில் கேக்கையும் கிரீமையும் மூக்கு முட்ட அடைத்துக்கொண்டு வந்தாள். விடிந்ததும் வாந்தி. வாந்தி நின்றதும் பேதி. நெலிதா அவளைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மா இர்மாவிடம் ஓடினாள். திரும்பி வந்து பத்தியத்தை ஒப்பித்தாள். பால் கூடாது. வெண்ணெய் கூடாது. இனிப்பு கூடவே கூடாது. வெறும் சோறு, மசித்த பூசணி, துருவிய ஆப்பிள். அப்புறம், தோலுரித்து வேகவைத்த கோழி நெஞ்சு.

“கோழியா?”

“கோழி.”

“டாக்டர் வாயால சொன்னாங்களா?”

“பின்ன, காதாலயா சொல்லுவாங்க?”

“மாட்டுக்கறி தின்னா என்னவாம்?”

“அதப் போய் அவங்களக் கேளு. கூட வான்னு கூப்பிட்டப்போ, கடையில கூட்டம்னு சொன்னது யாரு?”

அனிபால் உறிஞ்சிக்கொண்டிருந்த மாத்தே தேநீர்க் குடுவையை மேஜைமேல் நங்கென்று வைத்தார். எதிர்க் கடை என்றால் அது சும்மா எதிர்க் கடை இல்லை. எதிரியின் கடை. க்ளோஸ்டர் என்கிறவன், ஊரில் வேறு தெருவே இல்லாததுபோல, அனிபால் கடைக்கு நேர் எதிரே கோழிக்கடை போட்டான். பலகையில் எருது அளவுக்கு ஒரு சேவல் வரைந்தான். அதைக்கூட மன்னித்துவிடலாம். ஊர் கிளப்பின் ஆண்டு விழாவில் நடந்ததைத்தான் மன்னிக்க முடியாது. அன்றைக்கு அனிபால் ஒரு முழு மாட்டையே நெருப்பில் வாட்டினார். க்ளோஸ்டர் ஓரமாக நாலு கோழியை வைத்தான். ஊர்ச் சனம் முதலில் கோழியைத் தீர்த்துவிட்டு, மிச்சமிருந்த வயிற்றைத்தான் மாட்டுக்குக் கொடுத்தது. வருஷங்கள் ஓடிவிட்டன. அனிபால் மறக்கவில்லை. ஏன் மறக்க வேண்டும்? இதையெல்லாம் மறக்கிறவன் ஒரு மனுஷனா?

“கறிக்கடைக்காரன் பெண்டாட்டி போய்க் கோழிக்கடை வாசல்ல நிக்கிறதா? ஊர் என்ன சொல்லும்? ‘அவன் கறிய அவன் வீட்லயே தின்ன மாட்டேங்கிறாங்க’ன்னு சொல்லும். அப்புறம் நான் கடைய மூடிட்டு ஆத்துல தூண்டில் போட வேண்டியதுதான்.”

“பிள்ளைக்கு வயித்தால போகுது. உனக்கு மானம் போறதுதான் பெருசா?”

“அவளுக்குப் போறது ரெண்டு நாள்ல நின்னுடும். மானம் போக ஆரம்பிச்சா நிக்கவே நிக்காது, கிழவி!”

கடைசியில் அனிபாலே ஒரு வழி கண்டுபிடித்தார். கோழி வரட்டும். ஆனால் பக்கத்து ஊரிலிருந்து வரட்டும். அங்கே தன்னை யாருக்குத் தெரியும்? தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டார். கழுத்தில் துண்டைச் சுற்றி முகவாயை மறைத்துக்கொண்டார். கள்ளக்காதலியைப் பார்க்கப் போகிறவன்கூட அத்தனை பதுங்கிப் போயிருக்க மாட்டான். பக்கத்து ஊர்க் கோழிக்கடை வாசலில் தன் வண்டியை நிறுத்தி, சத்தமில்லாமல் உள்ளே போய், சத்தமில்லாமல் வெளியே வந்தார்.

முகத்தை மறைத்தவர் வண்டியை மறைக்க மறந்துவிட்டார். அதன் இரண்டு பக்கமும் ஆளுயர எழுத்தில் எழுதியிருந்தது: ‘அனிபால் கறிக்கடை. மாட்டுக்கு நிகர் மாடே.’

அவர் ஊர் திரும்பும் முன்பே செய்தி திரும்பிவிட்டது. பேக்கரிக்காரன் வாசலிலேயே மறித்தான்.

“என்ன அனிபால், கட்சி மாறிட்டியாமே?”

மாடு விற்கிறவர் மாட்டிக்கொண்டார். அதற்குப்பிறகு பக்கத்து ஊரென்ன, எதிர்க் கடையென்ன? நெலிதா பையை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து நேராகவே போனாள். அவள் போகும்போதெல்லாம் அனிபால் குளிர்பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு எதையோ தேடினார்.

பிரிசாவுக்குப் பேதி நின்றது. கன்னம் உப்பியது. தெருவில் சைக்கிள் ஓட்டினாள். ஆனால் பத்தியம் மட்டும் நிற்கவில்லை. போதாததற்கு நெலிதாவும் கோழிக்கு மாறினாள்.

“உனக்கு என்னடி வந்துச்சு?”

“பிள்ளை தனியாப் பத்தியம் இருந்தா ஏங்கிப் போயிடும் கிழவா. துணைக்கு ஒரு ஆள் வேணாமா?”

மேஜையின் ஒரு பக்கம் தாயும் மகளும் விரலைச் சப்பிச் சப்பிப் பத்தியம் இருந்தார்கள். இன்னொரு பக்கம் அனிபால் தனியாக உட்கார்ந்து, செருப்பளவு மாட்டுக்கறியை மென்றுகொண்டிருந்தார்.

சனிக்கிழமை டாக்டரம்மா இர்மா கடைக்கு வந்தார். மறுநாள் விருந்துக்குத் தங்கை ஊருக்குப் போகிறாராம். நல்ல விலாவாக வேண்டும் என்றார். அனிபால் கத்தியைத் தீட்டிக்கொண்டே ஆரம்பித்தார்.

“விலா தர்றேன். ஆனா ஒண்ணு கேக்கணும் டாக்டரம்மா. உங்களுக்கும் அந்தக் கோழிக்கடைக்காரனுக்கும் ஏதாவது கூட்டு வியாபாரமா?”

“என்ன உளர்றீங்க?”

“என் பொண்ணுக்குக் கோழிதான் தரணும், மாடு ஆகாதுன்னு சொல்லியிருக்கீங்களே!”

“நானா? கொழுப்பில்லாத மாட்டுக்கறி, இல்லாட்டிக் கோழி, எது வசதியோ அதக் குடுங்கன்னு சொன்னேன். உங்களுக்கு எது வசதின்னு எனக்குத் தெரியாதா? அதுவும் போன வாரமே பத்தியம் முடிஞ்சாச்சுன்னுட்டேன். முந்தாநாள் பூங்காவுல உங்க பொண்ணு என் கண்ணெதிர்லயே ஐஸ்கிரீம் நக்கிட்டு இருந்தாளே!”

அனிபாலுக்குக் கண் சிவந்தது. விலாவை இரண்டு வெட்டு வெட்ட வேண்டிய இடத்தில் எட்டு வெட்டு வெட்டினார்.

வீட்டில் கேட்டால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். ஐந்து நிமிஷத்தில் குற்றவாளி அவராகிவிடுவார். அத்தனை வருஷ அனுபவம். அதனால் வீட்டில் மூச்சு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை வாசலில், க்ளோஸ்டர் கண்ணெதிரே, நடைபாதையில் கம்பி அடுப்பைப் போட்டார். கரியை மூட்டினார். “வாங்க, வாங்க! இன்னைக்கு எல்லாருக்கும் இலவசம்!” என்று கூவினார். இலவசம் என்றால் எந்த ஊரில் கூட்டம் வராது? பேக்கரிக்காரன் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தான். பூசை முடிந்து தேவாலயத்திலிருந்து திரும்பிய சனம் அப்படியே திரும்பி இங்கே வந்தது. க்ளோஸ்டரும் தன் கடை வாசலில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தான்.

அனிபால் ஒரு நாற்காலியைப் போட்டு மகளை அதில் உட்கார வைத்தார். தட்டில், கொழுப்பே இல்லாத மாட்டு முதுகுக்கறி. பஞ்சு போல வெந்திருந்தது.

“சனங்களே! என் பொண்ணுக்கு மாட்டுக்கறி ஆகாதுன்னு ஊர்ல ஒரு பேச்சு. எல்லாரும் கண்ணத் தொறந்து பாருங்க!”

நெலிதா வேகமாக வந்தாள்.

“கிழவா, வேணாம். சொன்னாக் கேளு.”

“நான் டாக்டரப் பாத்தாச்சு, கிழவி” என்றார் அனிபால், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “உன் குட்டு உடைஞ்சு போச்சு.”

நெலிதா அவரை ஒரு பார்வை பார்த்தாள். மகளிடம் குனிந்து கழுத்தில் துணியைக் கட்டிவிட்டாள். முடிச்சுப் போடக் கொஞ்சம் நேரம் பிடித்தது. காதுப் பக்கம் ஏதோ சொன்ன மாதிரியும் இருந்தது.

பிரிசா ஒரு துண்டு தின்றாள். கூட்டம் கை தட்டியது. இன்னொரு துண்டு தின்றாள். அனிபால் எதிர்க் கடையைப் பார்த்து மீசையைத் தடவினார்.

“எப்படிடா கண்ணு இருக்கு?”

பிரிசா வயிற்றில் கை வைத்தாள்.

“வலிக்குது, பப்பா.”

கைதட்டல் நின்றது. மெல்லுகிற சத்தமும் நின்றது. பேக்கரிக்காரன் வாயிலிருந்ததைப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் கைக்குட்டையில் துப்பினான். அவன் பெண்டாட்டி கையிலிருந்த எலும்பைத் திருப்பித் திருப்பி முகர்ந்தாள்.

“இந்தக் கறி எப்போ வெட்டினது, அனிபால்?”

“காலையில! சத்தியமா இன்னைக்குக் காலையில!”

“அப்புறம் ஏன் பிள்ளைக்கு வலிக்குது?”

“அவளுக்கு ஒண்ணுமில்ல! அவ நல்லாத்தான்...”

சொல்ல வந்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்றால், வலி கறியால் வந்தது. கறி நன்றாக இருக்கிறது என்றால், பிள்ளைக்கு இன்னும் பத்தியம். மூன்றாவது பதில் உலகத்திலேயே கிடையாது. நெலிதாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நிற்கிற முகத்தோடு நின்றாள்.

“கறி மேல ஒரு குத்தமும் இல்ல, நல்லவங்களே” என்று அவளே கூட்டத்துக்குச் சொன்னாள். “எங்க கறி தங்கம். பிள்ளை இன்னும் பத்தியத்துல இருக்கா. கோழிதான் குடுக்கணும்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். இவருக்குப் பிடிவாதம். இல்லயா, கிழவா?”

மொத்தத் தெருவும் அவர் வாயையே பார்த்தது. எரிகிற அடுப்பு, முழுசாகத் தின்னாத தட்டுகள், நாளைக்குத் திறக்க வேண்டிய கடை.

“ஆமா” என்றார் அனிபால். “பத்தியம்தான். என் தப்பு.”

பேக்கரிக்காரன் மறுபடி மெல்ல ஆரம்பித்தான்.

“அப்போ போய் ஒரு நெஞ்சு வாங்கிட்டு வா” என்றாள் நெலிதா. “பிள்ளை பாவம், பசியில இருக்கா.”

அனிபால் தலை குனியவில்லை. இரத்தக்கறை படிந்த முன்துணியைக்கூட அவிழ்க்கவில்லை. போருக்குப் போகிறவன்போல நெஞ்சை நிமிர்த்தி, ஊரே பார்க்கத் தெருவைக் கடந்து, எருது அளவு சேவலுக்குக் கீழே போய் நின்றார்.

“ஒரு நெஞ்சு. என் பொண்ணுக்கு. நோய்க்காக மட்டும்தான் வாங்குறேன். ஆசைக்கு இல்ல. நல்லாக் கேட்டுக்க, க்ளோஸ்டர்.”

“அதுக்கென்ன, தாராளமா” என்றான் க்ளோஸ்டர். நெஞ்சை எடுத்துக் காகிதத்தில் வைத்தான். “நெலிதாம்மாவுக்கு எப்பவும் வாங்குற ரெண்டு தொடையும் சேத்துக் கட்டிரட்டுமா?”

“எப்பவும் வாங்குறதா? பத்தியம் ஆரம்பிச்சதே இந்த மாசம்தானேய்யா!”

க்ளோஸ்டர் ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தான்.

“பத்தியத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம், அனிபால் ஐயா? இந்தக் கடை தொறந்த அன்னைக்கு மொதப் போணியே உங்க வீட்டம்மாதானே!”