ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள்

மாதவன் திரையை உருட்டிக்கொண்டே இருந்தான். ஜூன் ஒன்றாம் தேதி முடிவதாகவே இல்லை.

மே மாதக் கடைசியில் ஆங்காங்கே ஒருவர், இருவர். ஜூன் ஒன்றைத் தொட்டதும் புற்றிலிருந்து ஈசல் கிளம்புவதுபோல் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. ராஜ்குமார், ஜூன் ஒன்று. மேகலா, ஜூன் ஒன்று. சம்பங்கி, ஜூன் ஒன்று. ஆண்டுகள்தான் வேறு வேறு. கம்ப்யூட்டருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஒருமுறை அணைத்துப் போட்டான். மறுபடியும் அதே கூட்டம். குருபரப்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற இரண்டாம் லைன் ஆட்கள் அநேகமாக எல்லோருமே ஒரே நாளில் பிறந்திருந்தார்கள்.

ஓசூரில் வண்டிகளுக்கு பிரேக் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவன் எச்.ஆர். பிரிவு உதவியாளன். கோவில்பட்டிப் பக்கத்துக்காரன் என்பதால் எல்லோருக்கும் அவன் ‘அண்ணாச்சி’. தினமும் காலையில் கேன்டீன் வாசல் கரும்பலகையில் ‘இன்றைய நாள்’ என்று தலைப்பிட்டு, அந்தத் தேதியில் உலகத்தில் என்ன நடந்தது, யார் பிறந்தார்கள் என்று எழுதிவைப்பான். யாரும் சொல்லிச் செய்த வேலை இல்லை. ஒரு தேதிக்குள் இத்தனை பேர் இருக்கிறார்களே என்கிற வியப்பு அவனுக்குத் தீர்ந்ததே இல்லை. அவனுக்குத் தேதி என்பது ஒரு பெரிய சத்திரம். ராஜாவும் திருடனும் விஞ்ஞானியும் அதே அறையில் வந்து தங்கிவிட்டுப் போகிறார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமலே.

பெங்களூரிலிருந்து புதிதாக வந்த பிளான்ட் மேனேஜர் ஹரீஷ்குமார் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு, செத்துப்போனவர்களின் பிறந்தநாளைக் கொண்டாடி நமக்கென்ன லாபம் என்று கேட்டார். பலகை போய்விடுமோ என்று பயந்த மாதவன் அந்த நிமிடமே ஒரு யோசனை சொன்னான். நம் ஆட்களின் பிறந்தநாளையும் எழுதலாம். பிறந்தநாள்காரருக்கு ஒரு கேக், இரண்டு மணி நேரம் முன்னதாக வீட்டுக்குப் போக அனுமதி. ஹரீஷ்குமாருக்குப் பிடித்துவிட்டது. ஏப்ரலும் மே மாதமும் நன்றாகத்தான் போயின.

இப்போது ஜூன் வருகிறது. ஜூன் ஒன்று அன்று வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் இரண்டாம் லைனை நேரில் பார்க்க வருகிறார்கள்.

“அன்னிக்கு ரெண்டு மணி நேரம் லைனே காலியா இருக்கும்ங்கறீங்க” என்றார் ஹரீஷ்குமார்.

“கேக் மட்டும் மினி டெம்போவுல வரும் சார்.”

ஹரீஷ்குமார் சிரிக்கவில்லை. அந்தக் காலத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் சேர்க்கும்போது வாத்தியாரே குத்துமதிப்பாக ஒரு தேதியைப் போட்டுவிடுவார், இது யாருக்குத்தான் தெரியாது என்று எரிச்சலோடு சொன்னார். அதெல்லாம் பொய்ப் பிறந்தநாள். ஒவ்வொருவரிடமும் நிஜத் தேதியைக் கேட்டு வாங்கிக் கணக்கை வருஷம் முழுக்கப் பரப்பிவிட வேண்டும். லைனும் நிற்காது, பலகையும் இருக்கும்.

மாதவன் மறுநாளே கேன்டீனில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தான். முதலில் வந்தவன் ராஜ்குமார். தட்டில் சாம்பார் வழிய வழிய யோசித்துவிட்டு, “கோழி கூப்புடற நேரம்னு எங்கம்மா சொல்லும். அதுக்கு மேல தெரியாது அண்ணாச்சி” என்றான்.

“எந்த வருஷத்துக் கோழிடே?”

அடுத்து மேகலா வந்தாள். அவள் பேச ஆரம்பித்ததும் மாதவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

“எங்கம்மா அப்ப பெங்களூர்ல கட்டட வேலைங்க. காவிரிக் கலவரம் வந்துச்சுல்ல, அதுல இவங்க இருந்த குடிசையக் கொளுத்திட்டாங்க. பஸ்ஸு இல்ல, லாரி இல்ல. வயித்துல என்னைய வச்சுக்கிட்டு நடந்தே வந்துச்சாம். அத்திப்பள்ளி தாண்டி ஓசூருக்குள்ள கால வச்சதும் நான் பொறந்துட்டேன்.”

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று, டிசம்பர். பன்னிரண்டா பதிமூன்றா என்பதுதான் பாக்கி. போன டிசம்பரில் அந்தக் கலவரத்தை அவனே பலகையில் எழுதியிருந்தான், ஒரே வரியில். அந்த வரிக்குள் நடந்து வந்த ஒரு பெண்ணின் மகள் அன்றைக்கு அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மாதவனுக்கு உடம்பு சிலிர்த்தது. சரித்திரம் எங்கோ தூரத்தில், பெரிய பெரிய கட்டடங்களில் நடப்பது என்றுதான் அவன் அதுவரை நினைத்திருந்தான்.

மேகலாவின் பிறப்பை அப்படியே பலகையில் எழுதினான். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அதைப் படித்த இரண்டாம் லைன் முழுவதற்கும் ஒரே நாளில் ஞாபகசக்தி வந்துவிட்டது. கோழியோடு போன ராஜ்குமார் மறுநாள் கபில்தேவ் கோப்பையைத் தூக்கிய ராத்திரியோடு திரும்பி வந்தான். ஒருவர் சூரியகிரகணத்தில் பிறந்தார். எம்.ஜி.ஆர். இறந்த அன்று மட்டும் மூன்று பேர் பிறந்தார்கள், அதில் இரண்டு பேர் அண்ணன் தம்பி. வெறும் செவ்வாய்க்கிழமையில் பிறந்ததாகச் சொல்ல ஒருவரும் தயாராக இல்லை. எது நிஜம், எது ராத்திரியில் யோசித்தது என்று மாதவனுக்குத் தெரிந்தேதான் இருந்தது. ஆனாலும் அவர்கள் சொல்லச் சொல்ல அவன் வாய் திறந்தபடி கேட்டான். ஒவ்வொருவரையும் அவரவர் தேதியில் எழுதிவைத்தான்.

கடைசியாக வந்தவர் சம்பங்கி. இரண்டாம் லைனின் மூத்த ஃபிட்டர். எந்த மெஷின் முனகினாலும் காதை வைத்துக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுகிற மனிதர். பேச்சு குறைவு, பேசினால் பாதி கன்னடம். இன்னும் ஒரு வருஷம் வேலை பாக்கி. அந்த ஒரு வருஷத்துக்குள் மகளின் நர்சிங் படிப்பு முடிந்துவிடும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பலகையை அவர் மேலிருந்து கீழாகப் படித்தார். கிரகணத்தைப் பார்த்தார். கபில்தேவைப் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

“என்னையும் எழுதிக்க அண்ணாச்சி. நேரு செத்தாரே, அன்னைக்குத்தான் நானு.”

கேன்டீனே நிமிர்ந்து பார்த்தது. ராஜ்குமார் கபில்தேவோடு எழுந்து அவருக்கு இடம் விட்டான். மாதவன் மெய்ம்மறந்துபோய் அந்த இடத்திலேயே பெரிய எழுத்தில் எழுதினான்: 1964, மே 27. நேரு மறைவு. சம்பங்கி பிறப்பு.

அன்று மாலை வரைக்கும் சம்பங்கி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தார்.

மாலையில் ஹரீஷ்குமார் பலகை முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு மாதவனைக் கூப்பிட்டார்.

“ஐம்பத்தெட்டுல ரிட்டையர்மென்ட். இந்த ஆளுக்கு இப்ப வயசு என்ன?”

மாதவன் மனதுக்குள் கழித்துப் பார்த்தான். அறுபத்திரண்டு.

“நாலு வருஷமா வயசை மறைச்சு வேலை பாக்கறார். கேன்டீன்ல எல்லார் முன்னாலயும் அவரே ஒத்துக்கிட்டார். மாசக் கடைசியோட அனுப்பிடுங்க.”

சம்பங்கியைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கினார்.

“சும்னே, சும்மா சொன்னேன் சார். நேரு செத்தன்னைக்குப் பொறந்தது எங்கண்ணன். பாரூர்ல கரும்பு போட்டுட்டு இருக்கான். எல்லாரும் பெருசு பெருசா சொன்னாங்களா, எனக்கு ஒண்ணுமே இல்லையேன்னு...”

வேலை போகிறது என்றதும் கதையை மாற்றுகிறார் என்றார் ஹரீஷ்குமார். அவர் கெட்டவரில்லை. கணக்கு நேராக இருக்க வேண்டும் என்று நினைப்பவர், அவ்வளவுதான்.

மாதவன் குறுக்கே விழுந்தான். வாய்ப்பேச்சு செல்லாது, பள்ளிக்கூடச் சான்றிதழ்தான் செல்லும், அதில் ஜூன் ஒன்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது என்றே இருக்கிறது என்று வாதாடினான். ஹரீஷ்குமார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“சரி. சான்றிதழ் நிஜம்னா எல்லாருக்கும் நிஜம். ஜூன் ஒண்ணு லைன் முழுக்க வீட்டுக்குப் போகட்டும், வர்றவங்களுக்கு நீங்க பிரேக் செஞ்சு காட்டுங்க. சான்றிதழ் பொய்னா எல்லாருக்கும் பொய். சம்பங்கி போகணும். ரெண்டுல ஒண்ணு நீங்களே சொல்லுங்க மாதவன்.”

வெளியே வந்தபோது சம்பங்கி அவனைத் திட்டவில்லை. பலகையில் இருந்த தன் பெயரை மட்டும் கையாலேயே அழித்துவிட்டு மெஷினுக்குப் போனார். அதை மாதவனால் தாங்க முடியவில்லை.

தேதியை எழுதிய ஆளையே கூட்டிவந்து கேட்டுவிடலாம் என்று அவன் சொன்னது அதனால்தான். ஹரீஷ்குமாரும் ஒப்புக்கொண்டார். வாத்தியார் என்ன சொல்கிறாரோ அதுதான் முடிவு, ஜூன் ஒன்று காலையிலேயே கேட்டுவிடலாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாதவன் பஸ் ஏறி குருபரப்பள்ளியில் இறங்கினான். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தேதிகளைப் போட்ட, இப்போது ஓய்வுபெற்றுவிட்ட தலைமையாசிரியர் சௌந்தரராஜன் நெடுஞ்சாலை ஓரத்தில் தங்கை மகனின் மாங்காய்க் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் எது இனிக்கும் எது புளிக்கும் என்று உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் வியாபாரம் மந்தமாகத்தான் இருந்தது.

மாதவன் தயங்கித் தயங்கி, ஜாதகம் பார்த்துத்தான் எல்லாத் தேதியும் எழுதினேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்றான். கூட்டம் முன்னதாக வீட்டுக்குப் போனால் போகட்டும், ஒரு மனிதரின் வேலை தப்பும் என்று அவன் முடிவுக்கு வந்திருந்தான்.

“இந்த வயசுல என்னையப் பொய் சொல்லச் சொல்றியா? வரேன். கேட்டதுக்கு உண்மையச் சொல்லுவேன்.”

“சம்பங்கின்னு ஒருத்தர், சார். அவரை ஞாபகம் இருக்கா?”

“எங்க ஊர்ல சம்பங்கி எத்தன பேருன்னு நெனைக்கிற? மூஞ்சியப் பாத்தா சொல்லுவேன்.”

ஜூன் ஒன்று திங்கட்கிழமை. மாதவன் வழக்கம்போல் பலகையை எழுதினான். 1831இல் இதே நாளில்தான் பூமியின் வட காந்தத் துருவத்தைக் கண்டுபிடித்தார்கள். அங்கே காந்த ஊசி எந்தத் திசையையும் காட்டாமல் நேராகத் தரையைப் பார்த்து நின்றதாம். 1968இல் ஹெலன் கெல்லர் மறைந்தார். 1996இல் கர்நாடகத்திலிருந்து ஒருவர் இந்தியாவின் பிரதமரானார். பனியில் நின்ற அந்த ஊசியை நினைத்தபோது, இவ்வளவு கலக்கத்திலும் அவனுக்கு ஒரு கணம் மூச்சு நின்றது. ‘பிறந்தவர்கள்’ என்று எழுதி, அதன் கீழே ஒன்றும் எழுதாமல் விட்டான்.

ஷிஃப்ட் தொடங்கும் முன் இரண்டாம் லைன் கேன்டீனில் கூடிவிட்டது. சௌந்தரராஜன் வெள்ளை வேட்டியில் உள்ளே வந்ததும், ஆளாளுக்கு மடித்துக் கட்டிய கைலியை அவிழ்த்துவிடத் தேடி, பேன்ட் போட்டிருப்பது நினைவுக்கு வந்து, சும்மா எழுந்து நின்றார்கள்.

அவர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“ராஜ்குமார் தானேடா? வாய்ப்பாடு தெரியாம பெஞ்சுக்கு அடியில ஒளிஞ்சவன். ஒனக்கு நான் போட்டதுதான்.” அடுத்த ஆளிடம் நகர்ந்தார். “ஒனக்கும் நான் போட்டதுதான். ஒங்கம்மா பொங்கலுக்குப் பக்கத்துலன்னு சொன்னாங்க.” மேகலாவிடம் நின்றார். “ஒனக்கும்தாம்மா. ஒன்னையச் சேக்க வந்தன்னைக்கு ஒங்கம்மாகிட்ட தேதி கேக்கற நெலமையில நான் இல்ல, சொல்ற நெலமையில அவங்க இல்ல.”

அவர் ஒவ்வொருவரிடமாக நகர்ந்தபோதும் மாதவனுக்கு ஒவ்வொரு விளக்காக அணைவதுபோல் இருந்தது. ஹரீஷ்குமார் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டார். லைன் நிற்காது என்கிற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. இவர்கள் பிறந்தநாள் பொய்யாகப் பொய்யாக, சம்பங்கியின் வேலை கரைந்துகொண்டிருந்தது எல்லோருக்கும் புரிந்திருந்தது. தான் செய்த ஒவ்வொரு உதவியும் எப்படி இந்த மனிதரின் கழுத்தில் போய் விழுந்தது என்று நினைத்து மாதவன் தலையைக் குனிந்துகொண்டான்.

வரிசையின் கடைசியில் சம்பங்கி நின்றார். வாத்தியாரைப் பார்த்ததும் கைகளைக் கட்டிக்கொண்டார்.

சௌந்தரராஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இவருக்கும் நீங்க போட்டதுதானே சார்?” என்றார் ஹரீஷ்குமார்.

“இவனுக்கு மட்டும் நான் போடலீங்க; நான் வேலைக்குச் சேந்த மொத வருசம், மொத ஆளா இவங்கப்பன் இவன் ஜாதகத்த எடுத்துட்டு வந்தாரு, பாத்தா பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குச் சரியா அஞ்சு வயசு நெறைஞ்சிருந்துச்சு, அதுக்கப்புறம் தேதி தெரியாம வந்த புள்ளைங்க அத்தனை பேருக்கும் இவன் பொறந்தநாளத்தான் பிரிச்சுக் குடுத்துட்டு இருந்தேன்.”