அலகு திறந்த வாத்து

அந்த ஆகஸ்ட் மாதம் லோவல் ப்ரூபேக்கர் ஒரு முடிவுக்கு வந்தார். தம் வீட்டில் திருட்டு நடக்கிறது. நகை திருடு போனால் போலீசுக்குப் போகலாம். லோவல் வீட்டில் திருடு போனது நடை.

இண்டியானாவில் ஆஷ்பி க்ரீக் என்ற ஊரில், பள்ளிக்கூட பேண்டுகளுக்கு நடை எழுதுவதுதான் அவர் தொழில். பிள்ளைகள் வாத்தியங்களை வாசித்துக்கொண்டே கால்பந்து மைதானத்தில் நடப்பார்கள். எந்தப் பிள்ளை எந்தத் தாளத்தில் எங்கே போய் நிற்க வேண்டும், எல்லாரும் சேர்ந்து என்ன உருவமாகத் தெரிய வேண்டும் என்பதை அவர் கணினியில் வரைவார். ஒரு பிள்ளைக்கு ஒரு புள்ளி. புள்ளிகள் வட்டமாகும், அலையாகும், சிறகாகும். பக்கத்து அறையில் மனைவி மார்னி அதே பேண்டுக்கு டிரம் வாசிப்பை எழுதுவாள். ஆக, ஊர்ப் பிள்ளைகளின் கால் லோவல் பொறுப்பு, கை மார்னி பொறுப்பு.

சண்டை அங்கேதான். டிரம் பிள்ளைகள் மைதானத்தின் நடுவில் ஒன்றாக நிற்க வேண்டும், அப்போதுதான் ஒருவர் அடிப்பது இன்னொருவருக்குக் கேட்கும், தாளம் சிதறாது என்பாள் மார்னி. நகராத டிரம்காரன் பந்தல்கால் என்பார் லோவல். குளிர்காலத்தில் டிரம் குழுக்கள் மட்டும் உள்ளரங்கக் கூடைப்பந்துத் தளத்துக்குள் ஆடும்போது மார்னி ஜெயித்துவிடுவாள். அங்கே ஓடினால் சுவர்தான். அந்த ஆத்திரத்தை எல்லாம் லோவல் கோடைக்காலத்தில், திறந்த மைதானத்தில் தீர்த்துக்கொள்வார். டிரம் பிள்ளைகளைக் குறுக்கே ஓடவிடுவார், பின்னுக்கு ஓடவிடுவார், கொடி வீசும் பெண்களைச் சுற்றிக்கொண்டு கடைக்கோடி மூலைக்கு ஓடவிடுவார்.

அந்த வருஷம் ஒத்திகை பார்க்கப் போனவருக்குத் திக்கென்றது. இரண்டாவது பாட்டில் மூலைக்கு ஓட வேண்டிய டிரம் பிள்ளைகள் நட்டநடுவில் நின்றார்கள். மூச்சு வாங்கவில்லை. ஒருவன் சிரித்துக்கொண்டுகூட இருந்தான். லோவல் எழுதிய நடையில் எந்த டிரம்காரனும் சிரித்ததில்லை.

பேண்டு ஆசிரியர் ஃபென்னிடம் போய்க் கேட்டார். நீங்கள் அனுப்பிய படத்தில் அப்படித்தானே இருக்கிறது என்று ஃபென் தன் போனை நீட்டினார். அப்படித்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து தம் கணினியைத் திறந்தார். அதில் பிள்ளைகள் மூலையில் இருந்தார்கள்.

முதலில் கணினியைச் சந்தேகப்பட்டு அணைத்துப் போட்டார். மூலை மூலையாகவே இருந்தது. அடுத்து ஃபென்னைச் சந்தேகப்பட்டார். பாவம், அந்த மனிதருக்குச் சட்டையில் பொத்தானையே சரியான வரிசையில் போடத் தெரியாது. லோவல் கணினிக்கும் ஃபென் போனுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஆள். கடவுச்சொற்களையெல்லாம் லோவல் மறந்துவிடுவதால் படங்களை அனுப்பும் வேலை வெகுகாலமாக மார்னியிடம் இருந்தது.

அன்றைக்கு அவள், யாரும் கேட்காமலே, மாவு ஓட்டுக்குள் சர்க்கரையும் பாலேடும் நிரப்பிச் சுடுகிற 'பை' என்ற இனிப்பைச் செய்து வைத்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து கேட்காமல் வந்த பை எதுவும் காரணமில்லாமல் வந்ததில்லை. லோவல் முதல் கவளத்தையே சந்தேகத்தோடுதான் மென்றார். ஆனாலும் இரண்டு துண்டு சாப்பிட்டார். ஆதாரத்தை முழுதாகப் பரிசோதிக்க வேண்டுமே.

"ஒத்திகை எப்படி இருந்துச்சு?" என்றாள் மார்னி.

இதுவரை ஒரு நாளும் கேட்காத கேள்வி. லோவல் அவள் முகத்தையே பார்த்தபடி, "எல்லாம் எழுதினபடியே இருந்துச்சு" என்றார்.

"அப்ப நல்லது. இன்னொரு துண்டு வைக்கவா?"

முகத்தில் ஒரு சுருக்கமில்லை. குற்றவாளிக்குத்தான் அவ்வளவு அமைதி வரும் என்று லோவல் தீர்மானித்தார். நேராகக் கேட்டால் மறுத்துவிடுவாள். மறுத்துவிட்டு அழுதால் பை நின்றுபோகும். கையும் களவுமாகப் பிடிப்பது ஒன்றே வழி.

கடைசிப் பாட்டுக்கு நடை இன்னும் எழுதவில்லை. ஏரியில் நிலா விழுவதைப் பற்றிய பாட்டு. கேட்டால் நெஞ்சு உருகும். அந்தப் பாட்டுக்கு லோவல் ஒரு வாத்து வரைந்தார்.

மைதானம் முழுக்க நிறைகிற வாத்து. கிளாரினெட் ஊதும் பிள்ளைகள் முதுகு, கொடிப் பெண்கள் வால், டிரம்பெட் ஊதுகிறவர்கள் அலகு. வயிற்றை நிரப்பப் புள்ளி போதாமல் டிரம் பிள்ளைகளைத் தூக்கி உள்ளே போட்டார். புத்தியுள்ள எந்த ஜீவனும் இதைத் திருத்தாமல் அனுப்பாது. திருத்தினால் அகப்பட்டாள். ஃபென் கையில் இருக்கும் படத்தையும் தம் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இப்ப என்ன சொல்றே மார்னி?" என்று கேட்க வேண்டும். அந்த வசனத்தைக் காரில் போகும்போது பல குரல்களில் சொல்லிப் பார்த்துக்கொண்டார். வருத்தமான குரல்தான் எடுப்பாக இருந்தது.

அடுத்த ஒத்திகைக்கு அந்தக் குரலோடுதான் போனார். மைதானத்தில் வாத்து நின்றது.

முதலில் அவருக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பாவமும் அறியாதவளைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று தம்மையே நொந்துகொண்டார். அது அடங்குவதற்குள் அடுத்தது உறைத்தது. பேண்டு முதல் முறையாக மாநில இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற முயலும் வருஷம் இது. நிலாப் பாட்டுக்கு வாத்து. கீழே அவர் பெயர்.

நிறுத்திவிடலாம் என்று ஃபென்னிடம் ஓடினார். வாயைத் திறப்பதற்குள் ஃபென் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முதல்ல பயந்துட்டேன் லோவல். அப்புறம் மார்னி போன்ல எல்லாம் சொன்னாங்க. சின்ன வயசுல ஏரிக்கரையில நீங்க வளர்த்த வாத்து, ஒரு நாள் நிலா வெளிச்சத்துல நீந்திப் போயி திரும்பி வரவே இல்லைன்னு. பிள்ளைங்ககிட்டயும் சொன்னேன். ஊதறவங்க பாதிப் பேருக்கு மூச்சு அடைச்சிருச்சு."

லோவல் பிறந்த வீட்டில் பூனைகூடக் கிடையாது.

"அதுக்கு என்ன பேரு வச்சிருந்தீங்க?"

இது பொய், நான் பெண்டாட்டியைப் பிடிக்க வைத்த பொறி என்று எப்படிச் சொல்வது? அப்பாவிப் பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே மட்டமான நடை எழுதிய மனிதன் என்று ஊர் பேசும். லோவல் மைதானத்தைப் பார்த்தபடி, "ஹெர்மன்" என்றார். ஃபென் மூக்கைச் சிந்தினார்.

வீட்டுக்கு வந்ததும் தொப்பியைக்கூடக் கழற்றாமல் கேட்டார். "ஃபென்கிட்ட எதுக்கு அந்த வாத்துக் கதை?"

மார்னி உருளைக்கிழங்கு தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். "ஏன் வாத்துன்னு அவர் கேட்டார். எனக்கென்ன தெரியும்? என் புருஷன் காரணமில்லாம வாத்து வரையற ஆளில்லை. தெரியலைன்னு சொன்னா உனக்கு மரியாதையா இருக்குமா? அதான் நானே ஒண்ணு சொன்னேன்." கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "ஏன், வேற ஏதாவது காரணம் இருக்கா?"

லோவல் உருளைக்கிழங்கைப் பார்த்தபடி, "இல்லை" என்றார்.

"அப்ப சரி. தொப்பியைக் கழட்டு."

அதற்குப் பிறகு அவர் ஒத்திகைப் பக்கமே போகவில்லை. முதுகுவலி என்று சொல்லிக்கொண்டார். கடையில் ஊர்க்காரர்கள் பார்த்தால், ஹெர்மனை நினைத்து வருந்தாதீர்கள் என்று தோளைத் தட்டினார்கள். ஒரு அம்மாள் வாத்துப் படம் போட்ட அட்டையே அனுப்பினாள்.

அக்டோபரில் பக்கத்து ஊர் மைதானத்தில் தகுதிப் போட்டி. பார்வையாளர் மரப்படிகளின் உச்சியில், மார்னிக்குப் பின்னால் பாதி மறைந்தபடி லோவல் உட்கார்ந்தார். முதல் இரண்டு பாட்டும் முடிந்தன. நிலாப் பாட்டு தொடங்கி, புள்ளிகள் கூடி, வாத்து எழுந்தது. நாலைந்து பேர் சிரித்தார்கள். லோவல் கண்ணை மூடிக்கொண்டார்.

கண்ணைத் திறக்க வைத்தது டிரம். வாத்தின் வயிற்றுக்குள் அசையாமல் நின்ற டிரம் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே கையால் அடிப்பதுபோல் அடித்தார்கள். அந்த அடி மரப்படிகள் வழியாக ஏறி, உட்கார்ந்திருந்தவர்களின் எலும்பு வரைக்கும் வந்தது. கிளாரினெட்டுகள் மெல்ல முதுகை அசைத்தன. பிறகு டிரம்பெட்டுகள் இரண்டு வரிசையாகப் பிரிந்து விலக, அலகு திறந்தது. திறந்த அலகிலிருந்து பாட்டின் கடைசிக் கூப்பாடு வந்தது. சிரித்தவர்கள்தான் முதலில் எழுந்து நின்றார்கள்.

அலகு திறக்கும் என்று லோவலுக்கே ஞாபகமில்லை. ஆத்திரத்தில் வரைந்தது, ஆத்திரத்தில்தான் என் கை உண்மையான கையாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கண்ணில் நீர் வந்தது. ஹெர்மனுக்காகவும் கொஞ்சம் வந்திருக்கும்.

பேண்டு தகுதி பெற்றுவிட்டது. திரும்பும்போது மார்னி காரை ஓட்டினாள். நடுவர் பார்த்துக்கொண்டே பேசிப் பதிவு செய்ததை ஃபென், லோவலின் போனுக்கு அனுப்பியிருந்தார். லோவல் சத்தமாக வைத்தார். டிரம்மை நடுவில் நிறுத்த வேண்டும் என்று யாருக்கோ கடைசியில் புத்தி வந்திருக்கிறது என்றார் நடுவர். அலகு திறந்த இடத்தில், "இதை வரைஞ்ச ஆளை நான் பார்க்கணும்" என்றார்.

லோவலின் மனசு விரிந்துவிட்டது. அவ்வளவு பெரிய மனசுக்குள் சின்ன சந்தேகத்தை வைத்துக்கொண்டிருக்கப் பிடிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, வாத்து அவளுக்காக வைத்த பொறி என்பதை முழுக்கச் சொல்லி, தப்பாக நினைத்துவிட்டேன், மன்னித்துவிடு என்றார்.

மார்னி சாலையைப் பார்த்தபடியே, "தப்பா நினைக்கலை. ரெண்டாவது பாட்டை மாத்தினது நான்தான்" என்றாள்.

லோவலுக்கு அந்த வருத்தமான குரல் இப்போது வரவே இல்லை. "அப்ப வாத்தை ஏன் மாத்தலை?" என்றார்.

"நீ தெரியாம தப்புப் பண்ணினா திருத்துவேன். எனக்குன்னே வரைஞ்சதைத் திருத்தினா மாட்டிக்கமாட்டேனா? அதுவும் எம்பிள்ளைங்களை நடுவுல நீயே கொண்டுபோய் வச்சுட்ட. எனக்கு வேற என்ன வேணும்?"

கார் ஒரு திருப்பத்தில் மெதுவாகத் திரும்பியது. திரும்பி முடிந்ததும் அவளே சொன்னாள்.

"அலகை மட்டும் நீ மூடியே வச்சிருந்த. அதைத்தான் திறந்துவிட்டேன்."

லோவல் தம்முடையதை மூடிக்கொண்டார்.