பாமாவின் பாராலீகல் படிப்பை நிறுத்த வேண்டி

ஸ்ரீராம்புரம், பெங்களூரு
ஆகஸ்ட் 2009

பெருமதிப்பிற்குரிய மச்சான் பாலசுப்ரமணியன் அவர்கள் சமூகத்திற்கு, உங்கள் தங்கை பாமாவைக் கைப்பிடித்த குணசேகர் வணங்கி எழுதுவது. இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே கோலார் தங்கவயலில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். எங்கள் வீடு ஒரே அறை. நான் போனில் புலம்புவது காதில் விழுந்தால், பாமா அதையும் வாக்குமூலமாக எழுதிக்கொள்வாள்.

விஷயம் இதுதான். பொங்கல் முடிந்த கையோடு உங்கள் தங்கை, "பிரேசர் டவுன்ல ஒரு பெண்கள் சங்கம் பாராலீகல் ட்ரெயினிங் குடுக்குறாங்களாம், சனிக்கிழமை மட்டும் போய்ட்டு வரேங்க" என்றாள். பாரா என்றதும், பாங்கு வாசலில் பாரா நிற்கிற வேலை என்று நினைத்து, நம்ம வீட்டுப் பெண்ணுக்கு எதற்கு அந்தக் கம்பும் தொப்பியும் என்று கேட்டேன். அது இல்லையாம். வக்கீலும் இல்லையாம். கோர்ட்டு, போலீசு என்றால் எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவர்களுக்கு வழி சொல்லி, கூடவே போய் வருகிறவராம். நடந்தால் உடம்புக்கு நல்லது என்று நானும் தலையாட்டினேன். அந்தச் சனிக்கிழமை பிடித்த சனி இன்னும் விடவில்லை.

அங்கே பாடம் எடுக்கும் ஜோசஃபின் மேடம் வக்கீல். நல்லவர்தான், ஆனால் வீட்டுப்பாடம் கொடுப்பார். பாதிக்கப்பட்டவரிடம் எப்படிப் பேசுவது என்று வீட்டில் நடித்துப் பழக வேண்டுமாம். பாமாவிடம் அகப்பட்டது நான்தான். ஒரு வாரம் சம்பளம் கிடைக்காத தொழிலாளி, அடுத்த வாரம் பர்ஸைப் பறிகொடுத்த பயணி. அதெல்லாம் சரியாகத்தான் போனது. அதற்கடுத்து, பெண்டாட்டியை மிரட்டும் கணவன். சின்ன வயதில் நான் மேடை ஏறியவன் என்று உங்களுக்குத் தெரியும். சும்மா செய்யலாமா? "இன்னிக்கி உன்ன ரெண்டுல ஒண்ணு பாக்காம விட மாட்டேன்டி" என்று தொண்டை கிழியக் கத்தி, ஒரு அண்டாவையும் உருட்டிவிட்டேன். கீழ் வீட்டிலிருந்து ஹவுஸ் ஓனர் லட்சுமம்மா தெருவையே கூட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டார். "ஏனப்பா குணசேகர், கதவ தெற மொதல்ல" என்றார். திறந்ததும் இரண்டு பேர் என் கையைப் பின்னால் முறுக்கிக்கொண்டார்கள். நான் பாமாவைப் பார்க்கிறேன், சொல்லும்மா என்று. அவளோ, "யாரும் கை வெக்காதீங்க. அவர ஓரமா உக்கார வெச்சிட்டு, என்கிட்ட தனியா பேசுங்க. அதான் மொறை" என்று கூட்டத்துக்குப் பாடம் நடத்துகிறாள். அதற்குப் பிறகுதான் இது நடிப்பு என்று சொன்னாள். இன்றைக்கும் டீக்கடையில் சிலர் என்னைப் பார்த்தால் தள்ளித்தான் நிற்கிறார்கள்.

இதோடு போயிருந்தால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். அன்றைக்கு அவள் பேசியதைப் பார்த்த லட்சுமம்மா, மறுநாள் தனியாக வந்து அழுதார். அவர் மகன் மஞ்சுநாத் இந்த வீட்டை விற்றுவிட்டு அம்மாவை அத்திபெலே பக்கம் ஏதோ முதியோர் இல்லத்தில் விடப்போகிறானாம். சம்மதிக்கச் சொல்லி தினமும் சண்டையாம். வீடு போனால் நாங்களும் தெருவில்தானே. ஆனால் பாமா எங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அம்மா, உங்களுக்கு என்ன வேணும், அத சொல்லுங்க" என்று மட்டும் கேட்டாள். அந்த அம்மாள், "இத்தன நாள்ல ஒருத்தரும் இப்டி கேக்கல பாமா. நான் கண்ண மூடற வரைக்கும் இங்கியே இருக்கணும்" என்றார். மறுநாளே இருவரும் இலவச சட்ட உதவி மையத்துக்குப் போய்விட்டார்கள்.

பேச வரச் சொல்லி மையத்திலிருந்து மஞ்சுநாத்துக்குத் தாக்கீது போனது. அவன் நேராக என்னிடம் வந்து, "உன் பொண்டாட்டிய அடக்கி வை. இல்லன்னா இந்த வாரமே வீட்ட காலி பண்ணு" என்றான். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. ஆனால் பாமா பரீட்சைக்குப் படிக்கும்போது நான் கேள்வி கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடமாகிவிட்டதால், "முறையா நோட்டீஸ் குடுக்காம வாடகைக்கு இருக்கிறவங்கள காலி பண்ண முடியாது சார்" என்று வந்துவிட்டது. அவன் திகைத்தான். நான் அவனைவிடத் திகைத்தேன்.

மையத்தில் தாயையும் மகனையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசினார்கள். அவன் மனைவிக்கு இந்தச் சந்து பிடிக்கவில்லை, அதுதான் மூலகாரணம். அம்மா, "நீங்க பிடிச்ச எடத்துல இருங்கப்பா, என்ன மட்டும் இங்க விட்டுடு" என்றதும் அவன் தலையைக் குனிந்தபடியே சரி என்றானாம். இப்போது அவர்கள் வேறு வீடு போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறான். போகிறபோது எனக்கும் வணக்கம் சொல்கிறான்.

நல்லதுதானே என்பீர்கள். ஊருக்கு நல்லது, எனக்கு? விஷயம் பரவி, எந்நேரமும் வீட்டில் ஆட்கள். என் நாற்காலியில் யாரோ உட்கார்ந்து அழுகிறார்கள். குழம்பு அடிப்பிடிக்கிறது. பசிக்கிறது என்றால், "எப்பலேர்ந்து பசிக்குது, வரிசையா சொல்லுங்க" என்கிறாள். மச்சான், நீங்கள் சொன்னால்தான் கேட்பாள். உடனே ரயிலேறி வந்து, படித்தது போதும் என்று கண்டித்துச் சொல்ல வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் குடும்பம் ஆலாய்த் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வார்த்தையை நம்பியிருக்கும்
குணசேகர்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடாமல் பையிலேயே வைத்திருந்தேன். இன்று கம்பெனியில் மேனேஜர் என்னை நைட் ஷிப்டுக்கு மாறச் சொன்னார். சும்மா இருக்காமல், "எதுவா இருந்தாலும் எழுத்து மூலமா குடுங்க சார்" என்றேன். எழுத்து மூலமாகவே கொடுத்துவிட்டார். மெமோ. பணிய மறுத்ததற்கு ஒரு வாரத்தில் விளக்கம் வேண்டுமாம். பாமா பதில் எழுத உட்கார்ந்திருக்கிறாள், அடுப்படியில் நான் நிற்கிறேன். மேலே சொன்ன எதையும் நான் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தாலும் அவளிடம் மூச்சு விட வேண்டாம். இதைவிடப் பெரிய படிப்பு ஏதாவது இருந்தால், அதில் சேரச் சொல்லிவிட்டுப் போங்கள்.