கோர்ட்டுச் சட்டை

தென்னாற்காடு ஜில்லாவின் முன்னேற்றத்துக்கு நெய்வேலிச் சுரங்கத்தைவிட அதிகம் உழைத்தவர் என் தாய்மாமன், சிதம்பரம் வக்கீல் ஹேமசபேசன். மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். சுரங்கம் பூமிக்குள் இருந்ததை வெளியே எடுத்தது. மாமா வெளியே இருந்த சொத்துகளைக் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே கொண்டுபோனார். எது கஷ்டம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அவர் திவால் வக்கீல். கடனைத் திருப்ப முடியாதவர்களையும், முடிந்தும் மனம் வராதவர்களையும் கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு அழைத்துப்போய், 'இவர் ஓட்டாண்டி' என்று சர்க்கார் வாயாலேயே சொல்லவைப்பார். ஊரார் இதை 'மஞ்சக் கடுதாசி கொடுக்கிறது' என்று கொச்சையாகச் சொல்வார்கள். மாமா 'விமோசனம்' என்பார்.

இந்த விமோசனத்துக்கு மூலாதாரமான பொருள் மாமாவின் இரும்பு பீரோவில், பாச்சை உருண்டையின் பாதுகாப்பில் இருந்தது. ஒரு சட்டை. ஒரு காலத்தில் வெள்ளை. தோளில் ஒரு கிழிசல், முழங்கையில் இன்னொன்று. கிழிசல் அளவு மீறிப் பெரிதாகிவிடக் கூடாதே என்று தையற்காரரிடம் கொடுத்து ஓரம் அடித்து வைத்திருந்தார். எந்தக் கட்சிக்காரரானாலும் விசாரணை நாளில் அதைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். முடிந்ததும் துவைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மாமாவின் கட்சிக்காரர்கள் தங்கள் வாழ்நாளில் தவறாமல் திருப்பிக் கொடுத்த பொருள் அது ஒன்றுதான்.

கல்லூரி விடுமுறைகளில் அந்தச் சட்டையைப் பையில் சுமந்துகொண்டு மாமாவுடன் கடலூர் பாசஞ்சரில் போகும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. ஜவுளிக்கடை சடையப்பன் விமோசனம் அடைந்த தினத்தில் நானே அவருக்குப் பொத்தான் போட்டுவிட்டேன்.

"அக்குள்ல பிடிக்குது வக்கீல் சார்."

"பிடிக்கட்டும். ஏழைக்கு எந்தச் சட்டைய்யா அளவா இருந்திருக்கு?"

"எல்லாரும் பாக்குறாங்களே. வெக்கமா இருக்கு."

"தலையைத் தூக்குய்யா! கடன் குடுத்தவன் மூஞ்சியப் பாத்துக் கும்புடு. தலை குனிஞ்சு நிக்கிறவன் பேடி. இந்த மாதிரி ஆளுங்களுக்கு வாதாடுறதே எனக்குக் கேவலம், மாப்ளே!"

கடைசி வாக்கியம் எனக்கு.

திவாலானவனுக்குச் சமையல் பாத்திரத்தையும் படுக்கையையும் விட்டுவைக்கும் கருணை சட்டத்துக்கு உண்டு. ஆகவே சடையப்பனின் கடைச் சரக்கெல்லாம் முன்கூட்டியே மெத்தைகளாகத் தைக்கப்பட்டிருந்தது. பார்வையிட வந்த அதிகாரி கண்டது இதுதான்: புருஷன், பெண்டாட்டி, உத்தரம் தொடும் மெத்தை.

"முதுகுவலிங்க" என்றார் சடையப்பன்.

மெத்தைகளில் பாதிக்குள் இருந்தவை பரங்கிப்பேட்டை அப்துல் ஹக் கடனாகக் கொடுத்த கைலிகள். பினாங்கில் பாடுபட்டுத் திரும்பி, மொத்த வியாபாரம் செய்துகொண்டிருந்த மனிதர். தீர்ப்பானதும் கோர்ட்டு வாசலில் நின்று சடையப்பனின் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பட்டுச் சட்டை போட்டுக்கிட்டுதானே எங்கிட்ட சரக்கு எடுத்தான் இந்தாளு!"

பாதிக்கப்பட்டவர்களைத் தேற்றுவதும் மாமாவின் சமூக சேவையில் அடக்கம். ஹக்கைக் காபிக் கடைக்கு அழைத்துப் போனார். காசை ஹக் கொடுத்தார்.

"கையில இன்னும் என்னா இருக்கு பாய்?"

"மவ மெகருன்னிசா நிக்காஹுக்குன்னு வச்சிருக்கிறது. அது ஒண்ணுதான் மிச்சம்."

"அதையாவது பத்திரமா வையுங்க. நம்ம நிதியில போடுங்க."

நிதி என்றால், தில்லை ஜன சகாய நிதி. சீனாக்காரன் எல்லையில் வந்து நின்ற வருஷம் அது. ஊரே யுத்த நிதிக்கு வளையலைக் கழற்றிக் கொடுத்தது. கொடுக்கிற பழக்கம் ஜனங்களுக்கு விட்டுப்போகக் கூடாது என்ற கவலையில் ஜனங்களிடம் டெபாசிட் வாங்க மாமா தொடங்கிய ஸ்தாபனம்.

"உங்ககிட்டயா?" என்றார் ஹக்.

"ஊரை ஏமாத்துற வழி அத்தனையும் எனக்குத் தெரியும் பாய். தெரிஞ்சவன்கிட்ட இருந்தா பத்திரமா, தெரியாதவன்கிட்ட இருந்தா பத்திரமா?"

ஹக் காபியை ஆற்றிக்கொண்டே யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"வட்டி மட்டும் வாணாம் சார். எங்களுக்கு அது ஹராம்."

"வட்டிகூட வாணாமா!" மாமாவின் கண்கள் பனித்தன. "பாத்தியா மாப்ளே? இவுங்களப் போல ஆளுங்களாலதான் மழை பெய்யுது."

அதன்பின் நிதி வளர்ந்தது. மாமாவும் வளர்ந்தார். சேவையின் பளு முழுவதும் வயிற்றில் இறங்கியது. கருப்புக் கோட்டை இரண்டு முறை பிரித்துத் தைத்தார்கள். நிதிப்பணம் ஓரிடத்தில் சோம்பிக் கிடக்கக் கூடாது என்பதால், அத்தை தர்மாம்பாள் பெயரில் புவனகிரியில் ரைஸ் மில்லாக மாறி ஜனங்களுக்கு நெல் அரைக்கப் போய்விட்டது.

மெகருன்னிசாவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. ஹக் பணம் கேட்டு வந்தார்.

"வெள்ளிக்கிழமை வாங்க பாய்."

வெள்ளிக்கிழமை வந்தார். மாமா பூஜையில் இருந்தார். மறு வெள்ளிக்கிழமையும் பூஜை. அத்தனை நீண்ட பூஜை நடராஜர் கோயிலிலேயே நடப்பதில்லை. மாப்பிள்ளை வீட்டார் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு இடத்தில் பெண் எடுத்தார்கள்.

ஒருநாள் காலையில் மாமாவே பீரோவைத் திறந்தார்.

"மாப்ளே, பையை எடு. பாசஞ்சருக்கு நேரமாச்சு."

"கட்சிக்காரர் யாரு மாமா?"

மாமா சட்டையைத் தன் தோளிலேயே வைத்து அளவு பார்த்தார்.

கோர்ட்டில் ஜட்ஜ் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"இந்தச் சட்டை நமக்குப் புதுசு இல்லையே?"

சட்டை பழையதுதான். உள்ளே இருந்த உடம்புதான் புதிது. தோள் கிழிசல், தையற்காரர் ஓரம் அடித்த எல்லையைத் தாண்டி முதுகுவரை போய்விட்டது. மேல் பொத்தானை நான் போட்டுவிட்டேன். மற்றவை துளைகளுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றன. மாமா இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

"வராது, உட்டுடுங்க வக்கீல் சார்" என்றார் முன்வரிசையில் நின்ற அப்துல் ஹக், மெதுவாக. "எப்பிடிப் பத்தும்? எம்மவ நிக்காஹ் சோறும் உள்ளதானே கெடக்கு."

மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

பொத்தானைத்தான் தேடுகிறார் என்று, மருமகன் என்ற முறையில், நான் நம்புகிறேன்.