சுவரெல்லாம் மைத்துனன்

தமியாத்,
ஆண்கள் மேல்நிலைப் பள்ளி, ஆங்கில அறை.

என் மனைவியின் உடன்பிறந்தவரும், இந்த ஊர் ஆட்டோக்களில் பாதிக்குப் பின்பக்கம் நின்று சிரித்துக்கொண்டிருப்பவரும், "ஆங்கிலத்தின் பேரரசர்" என்று தமக்குத் தாமே முடிசூட்டிக்கொண்டவருமான உஸ்தாத் ஸஃப்வத் அவர்களுக்கு,

இறைவனின் சாந்தி தங்கள்மீதும் தங்கள் வீட்டார்மீதும் நிலவட்டும். மிச்சமிருந்தால் எங்கள் தெருப் பக்கமும் வரட்டும். நானும் தங்கள் அக்கா ஸுஹைரும் பிள்ளைகளும் நலம். என் முழங்கால் நலமில்லை. அதை யாரும் விசாரிப்பதில்லை என்பதால் நானே எழுதிவிட்டேன். தங்கள் நலத்தை நான் விசாரிக்க வேண்டிய அவசியமில்லை. பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் அங்கே நிற்கும் விளம்பரப் பலகையில் பார்த்துக்கொள்கிறேன். பற்கள் நன்றாக இருக்கின்றன.

செவ்வாய்க்கிழமை நீங்கள் செய்த உதவிக்கு நன்றி சொல்லி நாலு வரி எழுதும்படி தங்கள் அக்கா என்னை நச்சரிக்கிறாள். நன்றி சொல்ல மாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன். இனி "நீ" என்றே எழுதுகிறேன். "தாங்கள்" என்று எழுதினால் பேனா திக்குகிறது.

நீ அரசாங்கப் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த காலத்தில் இந்த ஆங்கில அறை உயிரியல்காரர்களின் சாமான் அறையாக இருந்தது. பாட்டில்களில் தவளைகள் மிதந்தன. நீ சம்பளமில்லா விடுப்பு வாங்கிக்கொண்டு, நாற்காலிக் கடையின் மாடியில் மைக் வைத்து நானூறு பையன்களுக்கு டியூஷன் எடுக்கப் போன வருஷம், நான் அந்தத் தவளைகளை அடக்கம் செய்து அறையைக் கூட்டினேன். காலங்களைச் சொல்லிக்கொடுக்க ஒரு மரக் கடிகாரம் செய்தேன். அதன் முள் நேற்று, இன்று, நாளை என்று மூன்றையும் காட்டும். பாட நாவலுக்காக ஒரு கலங்கரை விளக்கம் செய்ய வைத்தேன். கடலில் மூழ்கிப்போன கணவனின் விளக்கைத் தினமும் ஏற்றிவைக்கும் இங்கிலாந்து விதவையின் கதை அது, உனக்கும் தெரியும். நீ அதை ஆறு பக்கமாகச் சுருக்கி அச்சடித்திருக்கிறாய். கலங்கரை விளக்கத்தைச் செய்தவர் ஒரு மாணவனின் தகப்பனார், சோபா செதுக்குகிறவர். மரவேலைக்கே பேர்போன நம் ஊர்க்காரர் கையில் மரத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். சிங்கக் கால், ரோஜாக் கொத்து, மேலிருந்து கீழ்வரை தங்க முலாம். வட இங்கிலாந்துப் பாறை ஒன்றின்மேல் கல்யாணக் கட்டிலின் தலைமாட்டுப் பலகை நின்றால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஆனாலும் உள்ளே பல்பு எரிந்தது. இந்த ஊரில் ஒரு நாவலை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசிக்கிற இடம் அந்த அறை ஒன்றுதான். வியாழக்கிழமை மணி அடித்த பிறகு, விருப்பப்பட்டவர்கள் மட்டும். எத்தனை பேர் என்று கேட்காதே.

அந்த அறைக்குத்தான் ஆபத்து வந்தது. தலைமை ஆசிரியர் ஷஹாத்தா அதன்மேல் ரொம்ப நாளாகவே கண் வைத்திருந்தார். சென்ற மாதம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். அவர் தேநீர் கொடுத்தாலே கெட்ட செய்திதான்.

"உஸ்தாத் ரிஃபாத், கோவிச்சுக்காதீங்க. புஸ்தகம் படிக்க வகுப்பு இருக்கு. கேன்டீன்காரன் சிப்ஸ் பெட்டியை அடுக்க எனக்கு இடமில்ல."

"என் அறையில அடுக்கப் போறீங்களா?"

"நான் முடிவு பண்ணல. புது ஆய்வாளர் மேடம் வந்து பார்க்கட்டும். அறை உயிரோட இருக்குன்னு ஒரு வரி எழுதிட்டா உங்களுது. இல்லேன்னா சாவியைக் குடுத்துடுங்க."

"அறைக்கு ஏது சார் உயிர்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

இங்கேதான் நம் ஊர் வழக்கம் காலை வாரியது. ஆய்வாளர் சுற்றுக்கு வருகிறார் என்றால் பாடச் சாமான்கள் அவருக்கு முன்னால் ஊர்வலம் போகும் என்பது உனக்குத் தெரியாததல்ல. ஒரு நாள் பெண்கள் பள்ளிச் சுவரில், மறுநாள் தொழிற்பள்ளிச் சுவரில், அதற்கு மறுநாள் எங்களிடம். பழைய ஆய்வாளர் என் தங்கக் கலங்கரை விளக்கத்தை ஒரே வாரத்தில் மூன்று பள்ளிகளில் பாராட்டியிருக்கிறார். மூன்று தடவையும் புதிதாகப் பார்ப்பதுபோல வியந்தார். அவர் மடையரா, நாகரிகம் தெரிந்தவரா என்பதை ஓய்வு பெறும் வரை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. இரவல் கொடுக்க மாட்டேன் என்று ஒவ்வொரு வருஷமும் நான் சண்டை போடுவேன். "பக்கத்துப் பள்ளிக்கூடம் கேட்டா இல்லேன்னா நல்லாவா இருக்கும்" என்று ஷஹாத்தா வண்டியில் ஏற்றிவிடுவார். இந்த முறையும் திங்கட்கிழமையே எல்லாம் பெண்கள் பள்ளிக்குப் போய்விட்டது. மன்ஸூராவிலிருந்து மாற்றலாகி வந்திருக்கும் மேடம் இன்ஷிராஹுக்கோ இந்த ஊர்வலத்தின் வரிசை தெரியவில்லை. செவ்வாய் காலை, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கம் என்ற ஒரே காரணத்தால், முதலில் எங்கள் வாசலில் வந்து இறங்கிவிட்டார்.

என் அறையில் அப்போது ஆணிகள் மட்டும் இருந்தன. பெண்கள் பள்ளிக்குப் போன் போட்டேன். அங்குள்ள தலைமையாசிரியை, "இன்னிக்கு எங்க முறை உஸ்தாத், மாட்டியாச்சு, கழட்டினா சுவத்துல சுண்ணாம்பு உதிரும்" என்று வைத்துவிட்டார். ஷஹாத்தா மேடத்தைத் தன் அறையில் உட்கார வைத்து மிஷப்பக் இனிப்பு ஊட்டிக்கொண்டிருந்தார். மத்தியானம் சாப்பாடு வேண்டாம், எனக்கு மனசு சரியில்லை என்று சொல்வதற்காக மட்டும் உன் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"சுவத்துல மாட்ட ஏதாவது வேணும், அவ்வளவுதானே?"

"ஏதாவது இல்ல ஸுஹைர். பாடம் நடத்தற சாமான்."

"என் தம்பிகிட்ட மாடி பூரா கிடக்கு."

"அவன் பேச்சை எடுக்காதே."

"எடுத்தாச்சு. மத்த போன்ல அவன்தான் இருக்கான், ஆட்டோ கிளம்பிடுச்சாம். நீங்க ஆணியை எண்ணி வைங்க."

உன் ஆட்கள் சுறுசுறுப்பானவர்கள்தான், அதை மறுக்கவில்லை. நான் கதவைப் பூட்டுவதற்குள் நாலு சுவரும் நிறைந்துவிட்டது. எதனால் நிறைந்தது என்று கேட்காதே, உன்னால். நிபந்தனை வாக்கியங்களின் பிரமிடு மேல் நீ கை கட்டி நிற்கிறாய். முன்னிடைச் சொற்களில் நீ மேசையின் மேல், மேசையின் கீழ், மேசைக்குப் பின்னால். நாவலின் பாத்திரங்கள் என்ற படத்தில் விதவை மூலையில் சின்னதாக இருக்கிறாள், நடுவில் நீ. செயப்பாட்டு வினைப் படத்தில் "ரிஃபாத்தின் சைக்கிள் திருடப்பட்டது" என்ற வாக்கியத்தைப் பார்த்தேன். அது என் சைக்கிள், ஸஃப்வத். அதை இரவல் வாங்கிப் போனவன் நீ. யார் தொலைத்தார்கள் என்று சொல்லாமலே ஒரு வாக்கியத்தை முடிக்க முடியும் என்பது உனக்கு அன்றைக்கே பிடித்துப்போயிருக்க வேண்டும். இதெல்லாம் போதாதென்று வாசலுக்கு நேராக உன் ஆள் உயரக் கட்டவுட்டு. நீலக் கோட்டு, பையன்கள் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்ளத் தோதாக ஒரு கை நீட்டியபடி.

மேடம் உள்ளே வந்தார். கட்டவுட்டுக்கு முகமன் சொல்லிவிட்டுத்தான் அது அட்டை என்று கண்டுகொண்டார். அதை அவர் மன்னித்ததாகத் தெரியவில்லை.

"யாரு இவரு?"

ஷஹாத்தா கண் சிமிட்டாமல், "நம்ம உஸ்தாதோட குடும்பம்" என்றார்.

"சுவர் பூரா குடும்பமா?"

"பெரிய குடும்பம், மேடம்."

மேடம் ஒவ்வொரு படத்தின் அடியிலும் இருந்த உன் போன் நம்பரை நின்று நிதானமாகப் படித்தார். டியூஷன் என்பது சட்டக் காகிதத்தில் தடை செய்யப்பட்ட தொழில் என்பதை நீ மறந்திருக்கலாம். அவர் அந்தக் காகிதம் இருக்கும் அலுவலகத்திலிருந்து வருகிறவர். வகுப்பைப் பார்த்து, "அந்த விதவை எதுக்கு விளக்கை அணையாம வெச்சிருக்கா?" என்று கேட்டார். முப்பத்தெட்டுப் பையன்களும் உன் மாடியில் பழகியபடி இரண்டு தடவை கை தட்டி, ஒரே குரலில், "மூணாவது விடை, மிஸ்" என்றார்கள்.

"மூணாவது விடைன்னா?"

அது யாருக்கும் தெரியவில்லை.

"இதை யாரு சொல்லிக்குடுத்தது?"

முப்பத்தெட்டு விரலும் கட்டவுட்டைக் காட்டின. மேடம் என் பக்கம் திரும்பி, "அப்போ நீங்க இங்க என்ன பண்றீங்க?" என்றார். இருபத்தைந்து வருஷமாக நானே என்னிடம் கேட்டுக்கொள்ளாமல் தப்பித்துவந்த கேள்வி, ஸஃப்வத். கதவோரம் ஷஹாத்தா சாவிக்காகக் கையைக்கூட நீட்டிவிட்டார்.

"பாடம் நடத்தறேன், மேடம்."

"நடத்துங்க பார்க்கலாம். முதல்ல அந்த ஆளைத் தூக்கி வெளியே போடச் சொல்லுங்க."

என் திருமண நாளிலிருந்து இப்படி ஒரு அரசாங்க உத்தரவுக்காக நான் காத்திருந்தேன். பின்வரிசையில் நாலு பையன்களைக் கூப்பிட்டேன். அவர்கள் உன்னைக் கிடைமட்டமாகப் பிடித்தார்கள். தொழில் பழக்கம், என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஸஃப்வத் என்ன செய்யப்படுகிறார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். முன்வரிசையிலிருந்து ஒருவன், சந்தேகத்தோடு: ஸஃப்வத் தூக்கப்படுகிறார். சரி, இப்போது? ஸஃப்வத் திருப்பப்படுகிறார். ஜன்னலில் தலை இடித்தது. ஸஃப்வத் இடிக்கப்பட்டார். நாளைக்கு? ஸஃப்வத் வெளியேற்றப்படுவார். மூணு வருஷம் வாயைத் திறக்காதவனெல்லாம் பெஞ்சுமேல் ஏறிக்கொண்டு உன்னை மடிக்கிறான், நகர்த்துகிறான், கவிழ்க்கிறான், எல்லாம் செயப்பாட்டு வினையில், ஒரு தப்பில்லாமல். நான் சுண்ணாம்புக்கட்டியைக்கூடத் தொடவில்லை. மேடம் திடீரென்று, "யாரால?" என்று கேட்டார். உன் படத்தில் இல்லாத பகுதி அது. வகுப்பு மொத்தமும், "எங்களால, மிஸ்."

நீ வராந்தாவில் சுவரைப் பார்த்து நிறுத்தப்பட்டாய். மேடம் பழைய கேள்வியையே மறுபடி கேட்டார்: விதவை எதற்கு விளக்கை எரிய வைக்கிறாள்? யாரும் கை தட்டவில்லை. சோபாக்காரரின் மகன், மூக்கைத் துடைத்துக்கொண்டு, "புருஷன் வரமாட்டான்னு தெரியும் மிஸ். ஆனா இருட்டுல வேற யாராவது வந்துட்டா?" என்றான். நீ அச்சடித்த நாலு விடைகளில் எதிலும் அது கிடையாது. நான் கரும்பலகையைத் துடைத்தேன். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

மேடம் எழுதினார்: அறை உயிரோடு இருக்கிறது. ஷஹாத்தா கையை மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதோடு நிறுத்தியிருந்தால் நான் அவருக்காக ஆயுசெல்லாம் பிரார்த்தனை செய்திருப்பேன். அவர் மேலும் எழுதினார்: போன் நம்பரை மறைத்துவிட்டால், இந்த மாவட்டத்தில் தான் கண்ட சிறந்த பாடச் சாமான் அந்த நீலக் கோட்டு மனிதர்தான், மற்றப் பள்ளிகளும் இரவல் வாங்கிப் பயன்படுத்தலாம். மறுநாள் பெண்கள் பள்ளியில் என் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டு, "இந்தக் கட்டில் கால் எதுக்கு இங்க இருக்கு?" என்று கேட்டாராம்.

ஆகவே உனக்குத் தெரிவிப்பது என்னவென்றால்: உன் படங்களை எல்லாம் சுருட்டி அதே ஆட்டோவில் அனுப்பிவிட்டேன். இனி உன் பொருள் எதுவும் என் அறை வாசலை மிதிக்காது. பெருநாள் விருந்துக்கு உன் வீட்டுக்கு உன் அக்கா வருவாள், என் முழங்கால் வராது. என் மாணவர்கள் என்னால் கற்றார்கள். உன்னால் அல்ல, உன்னை வைத்து. இந்த வேறுபாட்டை உன் நானூறு பேருக்கும் மைக்கில் விளக்கு. உன் முகத்தை நேரில் பார்க்க வேண்டிய தேவை இந்த ஜென்மத்தில் எனக்கு இல்லை.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் இறைவன் நீண்ட ஆயுளும், உனக்குக் கொஞ்சம் வெட்கமும் அருள்வானாக.

இப்படிக்கு,
உன் அக்காள் கணவன்,
ரிஃபாத்

பின்குறிப்பு: இதை மடிக்கும்போது ஷஹாத்தா வந்து நிற்கிறார். வரும் ஞாயிறு காலை மேடம் இன்ஷிராஹ் மாவட்டத்து ஆங்கில ஆசிரியர்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு அந்தப் பாடத்தை மறுபடி பார்க்க வருகிறாராம். பிடிக்காவிட்டால் எழுதிய வரியை அடித்துவிடுவாராம். இரவல் போன உன் கட்டவுட்டு பெண்கள் பள்ளியிலிருந்து இப்போதுதான் திரும்பியது. பெண்கள் நம் பையன்களைவிட ஆர்வமாகப் படித்திருக்கிறார்கள். உன் அட்டைக் கழுத்துக்கு மேல் எதுவும் மிச்சமில்லை. ஆகவே நீயே வந்துவிடு. அதே நீலக் கோட்டு. பேச வேண்டாம், கையை மட்டும் நீட்டிக்கொண்டு நில். உன் அக்கா வெங்காயம் அடைத்த வாத்து வைக்கிறாள், ஆனால் பாடம் முடிந்த பிறகுதான். தூக்குகிற பையன்கள் நோஞ்சான்கள்.