கல்யாண வருஷத்து ஒயின்

காவிரியைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, அந்தச் சாட்சியாலேயே தோற்றுப்போனவன் தஞ்சாவூர்ச் சீமையில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

எங்கள் பக்கத்தில் வருஷத்தை எண்ணைச் சொல்லி யாரும் நினைவு வைத்துக்கொள்வதில்லை. எல்லாம் தண்ணீர்க் கணக்குத்தான். 'மேட்டூர் திறக்காத வருஷம் வீடு கட்டினோம்', 'கரை உடைச்சுக்கிட்டு வந்த வருஷம் மாடு செத்துச்சு' என்றுதான் பேச்சு. விவசாயத்துக்கு இந்தப் பழக்கம் சரி. ஒயின் வாங்குகிறவன் இதை நம்பிக் கடைக்குப் போகக்கூடாது.

நான் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் எலெக்ட்ரீஷியனாக இருந்தேன். என் முதலாளி ஒரு சீனர். தன் கல்யாண நாளன்று, கல்யாணம் நடந்த அதே வருஷத்தில் தயாரான ஒயினைத் தேடி வாங்கித் திறந்தாராம். அவர் மனைவி தேம்பித் தேம்பி அழுதாராம். போட்டோ வேறு காட்டினார். அன்றிலிருந்து எனக்கும் அப்படி ஒரு அழுகை வேண்டும் என்று ஆகிவிட்டது. (என் மனைவி மங்கை என்னால் அழுததே இல்லையா என்றால், நிறைய அழுதிருக்கிறாள். பக்கத்திலிருந்து பார்க்க நான் இல்லை, அவ்வளவுதான்.)

வருஷத்துக்கு ஒரு மாதம் லீவில் வந்து போகிற புருஷன் நான். வேலையை விட்டு ஒரேயடியாக ஊர் திரும்பும்போது, கூட இல்லாத அத்தனை வருஷத்தையும் ஒரே பாட்டிலில் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் பிழைப்புக் கெட்டது.

ஒயின் கடையில் இருந்த பெண், "எந்த வருஷம்?" என்று கேட்டாள். எனக்கு எண் வரவில்லை. கண்ணை மூடினேன். காட்சி வந்தது. மயிலாடுதுறைப் பக்கம் என் மாமனார் ஊர், ஆவணி மாதம். மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் காவிரி இரண்டு கரையும் முட்டப் போகிறது. கரை முழுக்க ஊர் ஜனம். மேளச் சத்தம். தண்ணீரில் மாலைகள் மிதந்து போகின்றன. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? அந்தப் பக்கம் காவிரி கரைமுட்டிய ஆவணி எது என்று செல்போனில் தேடினேன். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் என்றது. மகள் கயலுக்கு வயசு பதினேழு. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது! (வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் சர்ப்ரைஸ் கெட்டுவிடுமாம், துரைக்கு.)

பாட்டிலை இரண்டு கைலியில் சுற்றி, கைக்குழந்தையைப் போல் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.

கல்யாண நாளன்று மதியச் சாப்பாட்டுக்கு மங்கையின் அண்ணன் குமரேசனை அழைத்திருந்தேன். கயலும் பக்கத்து இலையில் இருந்தாள். வாழையிலையில் கறிக்குழம்பு ஆவி பறக்கிறது. நான் பாட்டிலை எடுத்து நடுவில் வைத்தேன். குமரேசன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அரிசி பழசானா நல்லது, புளி பழசானா நல்லது. சரக்கு பழசானாலும் நல்லதா மாப்ள?"

"சரக்குன்னு சொல்லாதீங்க மச்சான். இது ஒயின்."

கார்க்கைத் திறக்கும் கருவி வீட்டில் இல்லை. ஸ்க்ரூடிரைவரால் குமரேசன் குத்திய குத்தில் கார்க் பாட்டிலுக்குள் போய் விழுந்தது. நான் எழுந்து நின்று, கடையிலேயே ஒத்திகை பார்த்திருந்த வசனத்தைச் சொன்னேன்.

"பதினெட்டு வருஷத்து ஒயின் இது. நமக்குக் கல்யாணம் நடந்த வருஷத்துது."

எவர்சில்வர் டம்ளர்களோடு வந்த மங்கை நின்றாள். "நமக்குக் கல்யாணமாகி இருபது வருஷம் ஆவுதுங்க."

புத்தியுள்ளவன் இந்த இடத்தில் அசடு வழிந்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருப்பான். நான் வாதாடினேன்.

"நீ மறந்துட்ட மங்கை. நம்ம கல்யாணம் தண்ணி கரைமுட்டுன வருஷம்."

"கல்யாணத்துக்கு ஆத்துல சொட்டுத் தண்ணி கிடையாது. பாலிகையைக் கரைக்க இடமில்லாம போர்செட் தொட்டியிலதான் கரைச்சோம்." (கல்யாணத்துக்கு முளைக்கப் போட்ட நவதானியத்தை ஆற்றில் கரைப்பது வழக்கம். தொட்டியில் கரைத்ததை எந்த மாப்பிள்ளையும் மறக்கமாட்டான். நான் மறந்திருந்தேன்.)

"தொட்டியாவது ஒண்ணாவது! என் கண்ணால பார்த்தேன். மாடியிலேர்ந்து பார்த்தேன். கரை பூரா ஜனம், மேளம் அடிக்கிறாங்க, மாலையெல்லாம் தண்ணியில போவுது..."

குமரேசன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "மணவறையில உக்காந்திருந்த மாப்ள மாடிக்கு எதுக்குப் போனீங்க?"

மங்கை டம்ளர்களைக் கீழே வைத்தாள்.

"மாடியில நின்னது நான்," என்றாள். "எங்க அப்பாவை ஆத்தங்கரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போனப்ப. வயித்துல கயல் ஆறு மாசம். புள்ளத்தாச்சி கிட்ட வரக்கூடாதுன்னு என்னை மாடிக்கு அனுப்பிட்டாங்க. அங்கேர்ந்துதான் எங்க அப்பா போறதைப் பார்த்தேன். உங்ககிட்ட போன்ல சொன்னேன்."

சொன்னாள்தான். அன்றைக்கு மட்டுமா, அதற்குப் பிறகு எத்தனையோ வாரம் அதையேதான் சொன்னாள். நான் படுக்கையில் கிடந்தபடி 'ம்' கொட்டினேன். கேட்டுக் கேட்டு அது நான் பார்த்ததாகவே ஆகிவிட்டது. சாவுமேளத்தைக் கெட்டிமேளமாக்கி, பிணத்து மாலைகளைக் கல்யாண மாலையாக்கி, அவளுடைய துக்கத்தை என் கல்யாணமாக மடித்து வைத்திருக்கிறேன். அப்போது லீவு கிடைக்கவில்லை என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தேன். கேட்டால்தானே கிடைக்கும்? ஓவர்டைம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, நான் கேட்கவே இல்லை. அன்று அந்த இலைக்கு முன்னால் எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

"எங்க அப்பா போன வருஷத்துதுதானே, ஊத்துங்க," என்று மங்கை டம்ளரை நீட்டினாள். ஒரு வாய் குடித்தாள். முகம் கோணியது.

"புளிச்ச காடி மாதிரி இருக்கு. அப்பாவுக்குப் புடிச்சிருக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியிருந்தது. நான் வாங்க நினைத்த அழுகை மட்டும் வரவில்லை. அதையெல்லாம் அவள் பதினெட்டு வருஷத்துக்கு முன்பே, நான் இல்லாத இடத்தில் அழுது முடித்திருந்தாள்.

மிச்ச ஒயினைக் குமரேசன் எடுத்துப்போய் மாமனாரின் திதிப் படையலில் வைத்தார். "அப்பா, மாப்ள உங்களுக்குன்னே வருஷம் பார்த்து வாங்கியாந்தது," என்று சத்தமாகச் சொல்லிக் கும்பிட்டார். காலி பாட்டில் இன்னும் அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஒவ்வொரு படையலுக்கும் அதை இறக்கி வைத்து அதையே சொல்கிறார். நானும் தவறாமல் போய்க் கேட்டுக்கொண்டு வருகிறேன்.

இதெல்லாம் நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. கயல் இப்போது வேலைக்குப் போகிறாள். போன மாதம் அவளுடைய தோழி வீட்டுக்கு வந்திருந்தாள். பேச்சுவாக்கில் நான் சொன்னேன்: "கயல் பொறந்தன்னைக்கு ஒரே மழைம்மா. நர்ஸு துணியில சுத்தி எடுத்துட்டு வர்றாங்க. இவ ஒத்தைக் கண்ணை மட்டும் தொறந்து பார்க்குறா..."

கயல் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நேர்ல பார்த்ததாப்பா? மாடியிலேர்ந்து பார்த்ததா?"

அடுப்படியில் மங்கை கரண்டிச் சத்தத்தை நிறுத்திவிட்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள்.

"மாடிதாம்மா," என்றேன்.